சிறுநீரகக் கட்டி: எடுப்பதற்கு முன் பயொப்சி கேட்கலாமா? வாப்பாவுக்காகக் கேட்கிறேன்

சம்மாந்துறைப் பொடியன்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். வாப்பாவுக்கு வயது 61. சீனி வருத்தம் இல்லை, பிறசர் இல்லை. போன பெரும்போகம் வரைக்கும் வட்டையில் தானே நின்று வேலை பார்த்தவர். வெட்டு முடிந்த கையோடு சாப்பாடு இறங்குதில்லை என்றார். விலாவில் கனம் மாதிரி ஒரு வலி, பின்னேரத்தில் காய்ச்சல், இரவில் பெனியன் நனைகிற அளவுக்கு வியர்வை. ஆள் நல்லா இளைத்துவிட்டார்.

முதலில் எலிக்காய்ச்சல் என்று சந்தேகப்பட்டு இரத்தம் எடுத்தார்கள், அது இல்லை. ஆனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியற்றினின் ஏறி 3.4. அதைக் கேட்டதும் சொந்தக்காரர் எல்லோரும் "வயல்காரருக்கு வாற கிட்னி வருத்தம்தான், தெஹியத்தகண்டியப் பக்கமும் இதுதானே" என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிறகு ஸ்கான் எடுத்தால் வலது சிறுநீரகத்தில் 8 சென்ரிமீற்றர் கட்டி. இடதிலும் இரண்டு சின்னக் கட்டிகள், அதுவும் வீங்கி 14 சென்ரிமீற்றர் நீளத்துக்கு நிற்கிறது. பிரைவேட்டாகக் காட்டிய இடத்தில் "இது கிட்னி கான்சர், வலதை எடுக்கவேண்டும், சுணங்கவேண்டாம்" என்றார்கள்.

இரண்டு பக்கமும் இருக்கும்போது ஒன்றை எடுத்து என்ன பலன்? எடுப்பதற்கு முன் பயொப்சி செய்து, அதாவது ஊசியால் கொஞ்சம் திசு எடுத்துப் பார்த்து, இது என்ன கட்டி என்று உறுதியாகச் சொல்ல வழி இல்லையா? உம்மா அழுதபடியே இருக்கிறா. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆரையம்பதியான்

தம்பி, மனதைத் தளர விடாதீங்க. ஆனால் ஊசி குத்த மட்டும் விடாதீங்க. குத்தினால் பரவும். எங்கட மாமாவுக்கும் இதே மாதிரிக் கட்டி, பயொப்சி ஒன்றும் எடுக்காமல் நேரே சத்திரசிகிச்சைதான். இன்றைக்கும் சைக்கிள் ஓடித் திரிகிறார்.

கல்லடி அக்கா

தம்பி, நான் இந்த இடத்தில் எழுதுவதே குறைவு. உங்கட பதிவைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் கணவருக்கு இடது சிறுநீரகத்தில் கட்டி. எந்த ஊர், எந்த வைத்தியசாலை என்று சொல்லப்போவதில்லை, அது தேவையும் இல்லை. சிறுநீரகப் புற்று என்றே எடுத்தார்கள். ஆள் தேறி வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆய்வுகூட முடிவு வந்தது: லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். சிறுநீரகத்திலேயே தொடங்கின வகை. அதற்கு மருந்துதான் சிகிச்சையாம், வெட்டி எடுத்திருக்கத் தேவையே இல்லையாம். அதை எங்களுக்குச் சொன்ன டொக்டர் மெதுவாகத்தான் சொன்னார். அவரில் குறை இல்லை. காயம் ஆறும்வரை மருந்து தொடங்கவும் முடியவில்லை. ஒரு சிறுநீரகத்தோடு கீமோ எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் கிரியற்றினின் என்ன வருமோ என்று நெஞ்சு அடிக்கும்.

அவர் இப்ப நல்லா இருக்கிறார். ஆனால் அந்தச் சிறுநீரகம் திரும்ப வராது. உங்கட வாப்பாவுக்கு இரண்டு பக்கமும் கட்டி, காய்ச்சல், வியர்வை, மெலிவு. தயவுசெய்து கையெழுத்துப் போட முதல் "இது லிம்போமாவாக இருக்குமா?" என்று ஒருமுறை கேளுங்கள்.

நெப்ரோ வாட்டு

நான் கிழக்கில் சிறுநீரக நோய்ப் பிரிவொன்றில் வேலை செய்கிற டொக்டர். வாப்பாவை நேரில் பார்க்காமல் இதுதான் வருத்தம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதில் மூன்று விஷயம் என் கண்ணில் குத்துகிறது.

ஒன்று, சிறுநீரகத்தின் அளவு. வளர்ந்தவருக்கு ஏறத்தாழ 10 முதல் 12 சென்ரிமீற்றர் இருக்கும். வயல் பகுதிகளில் நாங்கள் பார்க்கிற அந்த நாட்பட்ட சிறுநீரக நோயில் காலப்போக்கில் இரண்டும் சுருங்கித்தான் போகும். அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கமிருந்து வருகிறவர்களின் ஸ்கானில் 8, 8.5 என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு 14 என்பது வேறு கதை. கிரியற்றினின் ஏறியிருக்கிறது, சிறுநீரகமோ பெருத்திருக்கிறது, சலக்குழாயில் அடைப்பும் இல்லை என்றால், ஏதோ ஒன்று உள்ளே ஊடுருவி நிரப்புகிறது என்று யோசிக்கவேண்டும். அடைப்பு இல்லை என்று உங்கள் ரிப்போட்டில் போட்டிருக்கிறதா, பாருங்கள்.

இரண்டு, இரு பக்கமும் இருப்பது. சாதாரண சிறுநீரகப் புற்று பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் வரும். இரண்டிலும் வரக்கூடாது என்றில்லை, ஆனால் வந்தால் வேறு காரணங்களையும் தேடவேண்டும்: லிம்போமா, வேறிடத்துப் புற்று பரவியது, காசநோய், சீழ்க்கட்டி. சேற்றில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு, அதுவும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு, மெலியொய்டோசிஸ் என்ற மண்கிருமிக் காய்ச்சல் வந்து உறுப்புகளில் சீழ்க்கட்டி போடும். இலங்கையிலும் அது இருக்கிறது. ஆகவே இரத்தக் கல்ச்சரும் அனுப்பவேண்டும்.

மூன்றாவது, காய்ச்சலும் இரவு வியர்வையும் மெலிவும் சேர்ந்து வருவது. ஆறு மாதத்தில் உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் லிம்போமாவில் அதற்குத் தனிக் கணக்கு உண்டு. காசநோயிலும் இதே மூன்றும் வரும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

சிறுநீரகத்தில் தொடங்கும் லிம்போமா மிக அரிது. நிணநீர்க்கணுவுக்கு வெளியே வருகிற லிம்போமாக்களிலேயே 1 சதவீதத்துக்கும் குறைவு என்றுதான் எழுதுகிறார்கள். சிறுநீரகத்துக்குள் இயல்பில் நிணநீர்த் திசு கிடையாது, அதனால் அங்கே தொடங்குமா என்றே ஒரு காலத்தில் வாதாடினார்கள். வேறெங்கோ தொடங்கிய லிம்போமா சிறுநீரகத்துக்கும் போவதுதான் அதிகம். அரிது என்பதாலேயே யாருக்கும் முதலில் ஞாபகத்துக்கு வராது. அதுதான் ஆபத்து. சத்திரசிகிச்சை முடிந்த பிறகு தெரியவந்தவை உலகம் முழுக்க நிறைய இருக்கின்றன, கல்லடி அக்காவின் கணவருக்கு நடந்தது தனிக்கதை இல்லை.

ஆரையம்பதி அண்ணா, உங்கள் மாமாவுக்குச் செய்தது சரிதான். ஒரு பக்கக் கட்டி, சிடி ஸ்கானில் அசல் சிறுநீரகப் புற்றுப் போலவே தெரிந்தால் பலருக்கு பயொப்சி இல்லாமலே எடுப்பார்கள். அது வழமையான முறை. ஆனால் லிம்போமா, பரவல், தொற்று என்று சந்தேகம் இருந்தால் முதலில் பயொப்சியை யோசிக்கவேண்டும் என்று அமெரிக்க யூரோலொஜி சங்கத்தின் வழிகாட்டலே சொல்கிறது. ஊசி போன பாதையில் புற்று விதைபடுவது மிக மிக அரிது. இப்போதெல்லாம் வெளியே ஒரு உறை ஊசியை நிறுத்தி, அதற்குள்ளால்தான் மாதிரி எடுக்கிறார்கள். சந்தேகத்தோடு ஒரு சிறுநீரகத்தை இழப்பதுதான் இங்கே பெரிய நட்டம். கிரியற்றினின் 3.4 இல் நிற்கிறவருக்கு ஒன்றை எடுத்தால் அடுத்த கிழமையே டயலிசிஸ் தேவைப்படலாம்.

ஆரையம்பதியான்

விளங்குது டொக்டர். மாமாவுக்கு ஒரு பக்கம்தான் இருந்தது. ஆனால் ஊசிக்குப் பிறகு இரத்தம் போகாதா? சிறுநீரகம் முழுக்க இரத்தக்குழாய்தானே.

நெப்ரோ வாட்டு

போகலாம், அதனால்தான் முன்னாயத்தம். பிறசரைக் கட்டுப்படுத்தி, பிளேட்லெட்டும் உறைவுப் பரிசோதனையும் பார்த்து, அஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்பரின் மாதிரி மருந்து இருந்தால் நிறுத்தி வைத்துத்தான் செய்வோம். பெரும்பாலானவர்களுக்குச் சலம் ஓரிரு தடவை சிவந்து போய் தானே தெளியும். சிலருக்கு இரத்தம் ஏற்றவேண்டி வரும். பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

சம்மாந்துறைப் பொடியன்

டொக்டர், அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. ரிப்போட்டை எடுத்துப் பார்த்தேன். அடைப்பு இல்லை என்று இருக்கிறது. கிரியற்றினின் கூட என்பதால் சாயமருந்து ஏற்றாமல்தான் சிடி எடுத்திருக்கிறார்கள். அதில் எது என்று பிரித்துச் சொல்ல இயலாதா?

நெப்ரோ வாட்டு

சாயம் ஏற்றினால் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். வழமையான தெளிகலச் சிறுநீரகப் புற்று இரத்தக்குழாய் நிறைந்தது, சாயம் போன முதல் கட்டத்திலேயே பளிச்சென்று ஒளிரும். லிம்போமா மங்கலாகத்தான் நிற்கும். புற்று சிறுநீரக நாளத்துக்குள் புகுந்து அடைக்கும். லிம்போமா குழாய்களைச் சுற்றி வளைத்தாலும் பெரும்பாலும் அடைப்பதில்லை. அல்ட்ராசவுண்டில் லிம்போமா கறுப்பாகத் தெரிவதால் நீர்க்கட்டி என்று ஏமாறுவதும் உண்டு. ஆனால் இதெல்லாம் சந்தேகத்தைக் கூட்டவோ குறைக்கவோதான் உதவும். எம்ஆர்ஐ எடுத்தாலும் அப்படித்தான். பெயர் வைப்பது திசுதான்.

இன்னொன்று, இந்த இரத்தப் பரிசோதனைகளை மறக்காமல் கேளுங்கள்: எல்டிஎச் (லிம்போமாவில் ஏறக்கூடிய ஒரு நொதி), யூரிக் அமிலம், கல்சியம். எல்டிஎச் நன்றாக ஏறியிருந்தால் அந்தத் துண்டையும் கொண்டுபோய் நிபுணரிடம் காட்டுங்கள்.

மருதமுனை மிஸ்

தம்பி, வாப்பா மூட்டுவலி, முதுகுவலி என்று பாமசியில் சின்ன வெள்ளைக் குளிசை ஏதும் வாங்கிப் போடுகிறவரா? வாட்டில் தாதியாக எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், முதலில் இல்லை என்பார்கள், மறுகா மனைவி பையிலிருந்து எடுத்துத் தருவா. அது பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட்டாக இருந்தால் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள்.

நெப்ரோ வாட்டு

மிஸ் சொன்னது மிக முக்கியம். நானே எழுதியிருக்கவேண்டிய விஷயம். ஸ்டீரொயிட் லிம்போமாக் கலங்களைக் கொன்று கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கிவிடும். அந்த நேரம் ஊசி போட்டால் செத்த திசுவும் வடுவும்தான் வரும், ரிப்போட்டில் "உறுதியாகச் சொல்ல முடியாது" என்று எழுதுவார்கள். சில கிழமை கழித்துக் கட்டி திரும்ப எழும்பும். ஆகவே உயிருக்கு அவசரம் இல்லாவிட்டால், பயொப்சிக்கு முன் ஸ்டீரொயிட் இல்லை.

சம்மாந்துறைப் பொடியன்

உம்மாவிடம் கேட்டேன். விதைப்புக் காலத்தில் இடுப்புவலிக்கு ஏதோ வாங்கிப் போட்டவராம், இப்ப இல்லையாம். வெற்று அட்டை கிடந்தது, அதையும் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்கு அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறோம்.

ஆய்வுகூடத்துக்காரன்

நான் திசுப் பரிசோதனை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற எம்எல்டி. டொக்டர்மார் ஊசியோடு நிறுத்திவிடுவார்கள், அதற்குப் பிறகு நடப்பதை நான் சொல்கிறேன். ஏனென்றால் தாமதம் ஏன் என்று கேட்டுக் கவுண்டரில் சண்டை பிடிக்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

ஊசியில் வருவது இடியப்ப நூல் மாதிரி ஒரு துண்டு, ஒன்றரை சென்ரிமீற்றர் நீளம் இருந்தால் சந்தோஷம். கட்டியின் நடுவில் பெரும்பாலும் செத்த திசு இருக்கும், அதனால் ஓரத்திலிருந்து மூன்று நாலு துண்டு எடுத்துத் தந்தால்தான் எங்களுக்கு வேலை செய்ய ஏதாவது மிஞ்சும். லிம்போமாக் கலம் மிக மென்மையானது. இடுக்கியால் அழுத்திப் பிடித்தாலே நசிந்து நீலக் கோடாக இழுபட்டுவிடும், பிறகு நுண்நோக்கியில் யார் பார்த்தும் பயனில்லை. எடுத்தவுடன், திசு கெடாமல் காக்கிற போமலின் போத்தலில் போடவேண்டும். லிம்போமா என்று முன்கூட்டியே சந்தேகம் இருந்தால், ஒரு துண்டைப் போமலினில் போடாமல் சேலைனில் உடனே அனுப்பினால், கலங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு வகை பார்க்கிற புளோ சைற்றோமெற்றியும் செய்யலாம். அது எங்கே செய்வார்கள் என்று டொக்டர் முதலே கதைத்து வைத்திருக்கவேண்டும்.

பிறகு இரவு முழுக்கத் திசு பதப்படும். மெழுகில் அமிழ்த்தி ஒரு கட்டி செய்வோம், அதைத்தான் புளொக் என்பது. அந்த மெழுகுக் கட்டியை மூன்று நாலு மைக்ரோன் தடிப்பில் சீவி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி எடுப்போம். கை நடுங்கினால் மடிந்துவிடும். முதல் சாயத்தில் நோயியல் நிபுணர் பார்ப்பது பெரிய நீலக் கருக்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல் பரவிக் கிடக்கும். அது லிம்போமாவாகவும் இருக்கலாம், ஒழுங்காக வளராத வேறு புற்றாகவும் இருக்கலாம். பிரிப்பதற்கு இம்யூனோ சாயம், அதாவது கலத்தில் உள்ள ஒரு குறித்த புரதத்தைப் பிற்பொருளெதிரி கொண்டு தேடிப் பிடித்து நிறம் காட்டுகிற சாயம்.

சிடி45, சிடி20 (சிடி ஸ்கான் இல்லை, கலத்தின் மேலுள்ள புரதங்களின் பெயர்) இரண்டும் கலத்தின் விளிம்பைச் சுற்றிக் கபில நிறமாகப் பிடித்து, மேலணிக் கலங்களின் புரதமான கெரட்டின் பிடிக்காவிட்டால் பி-கல லிம்போமா பக்கம் போகிறோம். கெரட்டின் பிடித்தால் சாதாரணப் புற்றுப் பக்கம். இதில் ஒரு பொறி இருக்கிறது. சிறுநீரகப் புற்றைக் காட்டும் பக்ஸ்8 என்ற சாயம் சில பிற்பொருளெதிரிகளில் பி-கலத்தையும் பிடிக்கும். பக்ஸ்8 மட்டும் பார்த்து "சிறுநீரகப் புற்று" என்று எழுதினால் போச்சு. நல்ல நிபுணர் ஒருபோதும் ஒரு சாயத்தை நம்பிப் பெயர் வைக்க மாட்டார்.

அடுத்து சிடி10, பிசிஎல்6, மம்1 என்ற சாயங்கள். இந்த மூன்றையும் வைத்து உப வகை பிரிக்கும் முறையை 2004இல் ஹான்ஸ் குழு தந்தது, இன்றும் அதுதான் ஓடுகிறது. கேஐ-67 எத்தனை சதவீதம் கலம் பிரிந்துகொண்டிருக்கிறது என்று சொல்லும். சில வேளை மிக், பிசிஎல்2 மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பிஷ் பரிசோதனைக்கும் போகவேண்டும். எல்லாச் சாயமும் எல்லா ஆய்வுகூடத்திலும் இல்லை, புளொக் வேறு ஊருக்குப் பயணம் போய்த்தான் வரும். இதனால்தான் சுணக்கம்.

திருக்கோவில் மச்சான்

இவ்வளவு இருக்கிறதா! அம்மாவின் ரிப்போட்டுக்காக நானும் ஒருதரம் கவுண்டரில் கத்தியிருக்கிறேன் அண்ணா.

சம்மாந்துறைப் பொடியன்

அல்ஹம்துலில்லாஹ், ஊசி போட்டுவிட்டார்கள். நிபுணர் நாங்கள் கேட்க முதலே "எடுக்கிற கதை பிறகு, முதலில் திசு" என்றார். வாப்பாவைக் குப்புறப் படுக்கவைத்து, ஸ்கான் பார்த்துக்கொண்டே விறைப்பூசி போட்டு எடுத்தார்கள். "டக்" என்று ஒரு சத்தம்தானாம், மூச்சை அடக்கு என்றபோதுதான் பயந்தாராம். பிறகு மல்லாக்கக் கிடக்கவைத்து, போகிற ஒவ்வொரு சலத்தையும் வெள்ளைக் கப்பில் பிடித்து வரிசையாக வைத்தார்கள், நிறம் பார்க்க. முதல் கப் தேத்தண்ணீர் நிறம், கடைசிக் கப் தெளிவு. இனி ரிப்போட்.

கல்லடி அக்கா

காத்திருக்கிற நாட்கள்தான் பொல்லாதது. சாப்பாட்டை விடவேண்டாம் என்று உம்மாவிடம் சொல்லுங்கள் தம்பி, அவவும் சாப்பிடவேண்டும்.

சம்மாந்துறைப் பொடியன்

ரிப்போட் வந்துவிட்டது. "பரவிய பெரிய பி-கல லிம்போமா", சிடி20 பிடித்திருக்கிறது, கெரட்டின் இல்லை, கேஐ-67 85 சதவீதம். வலதை எடுக்கிற கதை நின்றது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைப் புற்றுநோய்ப் பிரிவுக்குக் கடிதம் தந்திருக்கிறார்கள். 85 என்பதைப் பார்த்துப் பயந்துபோய் இருக்கிறோம்.

நெப்ரோ வாட்டு

பெயர் தெரிந்துவிட்டது, இனி வழி இருக்கிறது. அதில் "பரவிய" என்பது கலங்கள் திசுவில் கிடக்கிற விதம், உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று அர்த்தம் இல்லை. கேஐ-67 கூட என்றால் வேகமாக வளர்கிறது என்று அர்த்தம். வேகமாகப் பிரிகிற கலத்தைத்தான் கீமோவும் நன்றாகப் பிடிக்கும். பயத்துக்கு மட்டும் அதை வாசிக்காதீர்கள்.

இனி செய்வது, இது சிறுநீரகத்தில் மட்டுமா என்று பார்ப்பது. கழுத்து முதல் இடுப்பு வரை ஸ்கான், முடிந்தால் பெட் ஸ்கான், தேவைப்பட்டால் எலும்பு மச்சைப் பரிசோதனை. பெட் ஸ்கானுக்கு மகரகம அபெக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகவேண்டி வரலாம். சிறுநீரகத்தில்தான் தொடங்கியது என்று சொல்ல 1994இல் மல்பிரெயின் குழு வைத்த அளவுகோலில் ஒன்று, சிகிச்சை தொடங்கியதும் சிறுநீரகத் தொழிற்பாடு விரைவாகத் திரும்புவது. அதாவது, வாப்பாவின் கிரியற்றினின் இறங்க நியாயமான வாய்ப்பு இருக்கிறது. வலதை எடுத்திருந்தால் அந்த வாய்ப்பில் பாதி போயிருக்கும்.

வழமையான மருந்து ஆர்-சொப்: ரிட்டுக்சிமாப், சைக்ளோபொஸ்பமைட், டொக்சோருபிசின், வின்கிறிஸ்டின், பிரெட்னிசொலோன். பொதுவாக 3 கிழமைக்கு ஒருதரம், 6 சுற்று. தொடங்க முன் மஞ்சட்காமாலை பி வைரஸ் பார்த்தார்களா என்று கேளுங்கள். உள்ளே உறங்கிக் கிடக்கிற வைரஸை ரிட்டுக்சிமாப் எழுப்பி ஈரலைக் கெடுத்துவிடும். எச்ஐவியும் பார்ப்பார்கள், அதைத் தப்பாக எடுக்கவேண்டாம், எல்லோருக்கும் பார்ப்பது. இதயத்துக்கு எக்கோ. முதல் சுற்றில் கட்டி வேகமாகக் கரையும்போது பொட்டாசியம், யூரிக் அமிலம் எல்லாம் ஒரேயடியாக இரத்தத்துக்குள் வரும், ஏற்கெனவே களைத்த சிறுநீரகத்துக்கு அதுதான் சோதனை. அதனால் முதல் சில நாட்கள் வாட்டில் வைத்திருப்பார்கள், வீட்டுக்கு விடச்சொல்லிக் கேட்காதீர்கள்.

இன்னொன்று: மூளைக்குத் திரும்ப வருகிற ஆபத்தைக் கணக்கிடும் 6 அம்சங்களில் சிறுநீரகம் அல்லது அட்ரீனல் பாதிப்பும் ஒன்று. அதற்கு முன்தடுப்பு வேண்டுமா என்று புற்றுநோய் நிபுணரிடம் கேளுங்கள். வாப்பாவின் சிறுநீரக நிலையைப் பார்த்து அவர்தான் தீர்மானிக்கவேண்டும்.

சம்மாந்துறைப் பொடியன்

இரண்டாவது சுற்று முடிந்தது. கிரியற்றினின் 1.6. காய்ச்சல் இல்லை. முடி கொட்டிவிட்டது, அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை, சிறுபோகத்துக்குத் தண்ணி திறந்தார்களா என்று வட்டைவிதானைக்குப் போன் எடுக்கிறார். மகரகமவில் ஒருதரம் காட்டச் சொல்கிறார்கள். அங்கே திசுவைத் திரும்பப் பார்ப்பார்களாம். அதற்கு இன்னொரு ஊசியா?

ஆய்வுகூடத்துக்காரன்

இல்லை தம்பி, இன்னொரு ஊசி தேவைப்படாது. நிபுணரின் கடிதத்தோடு ஆய்வுகூடத்துக்குப் போனால் புளொக்கையும் கண்ணாடிகளையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். ரிப்போட்டில் உள்ள இலக்கமும் புளொக்கில் எழுதியிருக்கிற இலக்கமும் ஒன்றா என்று அங்கேயே நின்று பாருங்கள். பெட்டியில் வைத்துக் கைப்பையில் கொண்டு போங்கள், பஸ்ஸில் ஜன்னலோர வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், மெழுகு இளகும். வேலை முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், பின்னாளில் வாப்பாவுக்கே அது தேவைப்படலாம்.